குடியாத்தத்துக் கோடையைக் குழந்தைகள் நாவலாக எழுத நினைப்பவருக்கு

கேள்வி இது: “என் அம்மா பள்ளியில் படித்த காலத்தில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் சென்னையிலிருந்து குடியாத்தத்தில் இருந்த ஆயா வீட்டுக்குப் போய்விடுவார். எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த நாட்களை வைத்து ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாவல் எழுதுகிறேன். இரண்டு அத்தியாயம் முடிந்தது. படித்துப் பார்த்தால் கட்டுரை மாதிரி இருக்கிறது. புதையல், கடத்தல்காரர்கள் என்று ஏதாவது சாகசம் சேர்த்தால் சரியாகுமா? அந்தக் கால வடாற்காட்டை இன்றைய குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது?”

நான் பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரன். பள்ளி நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டியே பல வருடங்கள் போயின. அச்சுக்குப் போகும் முன் படித்துச் சொல்லுங்கள் என்று சிறார் நாவல்களைக் கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புதையல் வேண்டாம். புதையலை எந்த ஊரிலும் புதைக்கலாம். அதைத் தேடி ஓடும் குழந்தைகளுக்குப் பின்னால் குடியாத்தம் வெறும் திரைச்சீலையாகத் தொங்கும். உங்கள் அம்மாவின் ஊரிலேயே கதைக்கு வேண்டியது இருக்கிறது. அதை ஏன் இன்னும் நீங்கள் தொடவில்லை என்று கேட்டால், எழுதியிருக்கும் இரண்டு அத்தியாயத்தின் வினைச்சொற்களை எடுத்துப் பாருங்கள். “காலையில் ஆற்றுக்குப் போவோம்”, “மத்தியானம் பல்லாங்குழி ஆடுவோம்”, “ஆயா கூழ் கரைத்துத் தருவார்” என்று இருக்கும் என்பது என் ஊகம். இதெல்லாம் வழக்கத்தைச் சொல்லும் வாக்கியங்கள். பெரியவர்கள் நினைவைச் சொல்லும்போது இப்படித்தான் வரும், பல கோடைகள் கலந்து ஒரே கோடையாகிவிடும். குழந்தை அப்படி வாழ்வதில்லை. அவளுக்கு இன்றைக்கு நடந்ததுதான் உண்டு. இன்றைக்குப் போனாள், இன்றைக்கு விழுந்தாள், இன்றைக்குப் பொய் சொன்னாள். ஒரே ஒரு வருடத்தின் ஒரே ஒரு விடுமுறையைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் எல்லாவற்றையும் “அன்று” நடந்ததாக மாற்றுங்கள். பாதிக் கட்டுரைத்தனம் அங்கேயே போய்விடும்.

மீதிப் பாதி போக, அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஒன்று வேண்டும். சின்ன ஆசைதான், ஆனால் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நடந்தாக வேண்டும். இங்கேதான் ஊர் உங்களுக்கு உதவிக்கு வரும். வடாற்காட்டில் கோடைக்கு ஒரு சொந்த நாள்காட்டி இருக்கிறது. ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை ஓடுகிறது. கத்திரி நடுவில், மே பாதியில், வைகாசி 1 அன்று குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பங்குனி தொடங்கி வைகாசி வரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் பாரதம், அதாவது மகாபாரதக் கதை சொல்லிக் கூத்தாடும் திருவிழா. இவ்வளவையும் கடந்தால் ஜூன், பெட்டி கட்ட வேண்டும். நாவலின் கடிகாரம் இதுவே. வேறு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சிரசுத் திருவிழாவைக் கட்டாயம் வையுங்கள், ஆனால் வர்ணனையாக வைக்காதீர்கள். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோவிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வருகிறது. கோபாலபுரத்துக் கெங்கையம்மன் கோவிலில் சண்டாளச்சியின் உடல் காத்திருக்கிறது, அதன்மேல் அந்தத் தலையைப் பொருத்துகிறார்கள். வழியெல்லாம் தேங்காய் உடைபடுகிறது, புலி வேஷக்காரர்கள் ஆடுகிறார்கள், வீட்டுக்கு வீடு மோரும் பானகமும் கூழும். இதைப் பத்திரிகைச் செய்தி மாதிரி எழுதினால் குழந்தை பக்கத்தைப் புரட்டிவிடும். இதற்குள் இருக்கும் கதையைப் பாருங்கள். அப்பா ஜமதக்கினி சொன்னார் என்று பரசுராமன் தாய் ரேணுகாவின் தலையை வெட்டுகிறான். பிறகு வரம் கேட்டு உயிர்ப்பிக்கிறான். அவசரத்தில் அம்மாவின் தலையைச் சண்டாளச்சி என்ற இன்னொரு பெண்ணின் உடலோடு சேர்த்துவிடுகிறான். பெரியவர்கள் இதைக் கேட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பத்து வயதுப் பெண் சும்மா இருப்பாளா? “எழுந்தது யாரு, அவங்கம்மாவா அந்த அம்மாவா?” என்று கேட்பாள். “அந்தப் பையன அம்மா மன்னிச்சாங்களா?” என்று கேட்பாள். ஆயாவிடம் கேட்டால் ஒரு பதில், பூக்காரம்மாவிடம் கேட்டால் வேறு பதில், மாமாவிடம் கேட்டால் அதட்டல். ஒரு அத்தியாயம் முழுக்க அவள் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையலாம். நூலகத்தில் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் குழந்தைகள் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். பயந்து பூசி மெழுகிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு இது தாங்கும்.

அடுத்தது வெயில். நம் பக்கத்துக் கோடையை எழுதுகிறவர்கள் வெயிலை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் குழந்தைகளை மத்தியானம் இரண்டு மணிக்கு மைதானத்தில் ஓடவிடுகிறார்கள். வேலூர் பக்கம் மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பதினொரு மணிக்கு மேல் எந்த ஆயாவும் பிள்ளையை வெளியே விடமாட்டார். ஆக, உங்கள் நாவலில் ஒவ்வொரு நாளும் மூன்று துண்டாக உடைய வேண்டும். விடியலிலிருந்து பத்து, பத்தரை வரை தெரு, கிணறு, ஆறு. அப்புறம் நாலு மணி வரை வீட்டுக்குள், திண்ணையில், பக்கத்து வீட்டு நடையில். சாயங்காலம் மறுபடி தெரு, இரவு மொட்டை மாடி அல்லது வாசல். நடுத்துண்டுதான் உங்களுக்குப் பொன். ஓடியாட முடியாத அந்த ஐந்து மணி நேரத்தில்தான் பெரியவர்கள் தூங்குகிறார்கள், பிள்ளைகள் ரகசியம் பேசுகிறார்கள், கேட்கக் கூடாததைக் கேட்கிறார்கள். சாகசத்தை வெளியில் தேடுகிறீர்கள். குடியாத்தத்தில் அது மத்தியானத்தில், கதவு சாத்திய வீட்டுக்குள் நடக்கும்.

அங்கே உங்கள் பட்டணத்துப் பெண் என்ன பார்ப்பாள்? இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அவளுக்கு அது விடுமுறை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது விடுமுறை இல்லை.

எண்பதுகளின் குடியாத்தம் நெசவும் தீப்பெட்டியும் பீடியுமாக ஓடிய ஊர். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிலும் பீடியும். வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையை நனைத்து வைப்பார்கள், அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள், தூளைப் போட்டுச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். நுனியை மடக்குவது பெரும்பாலும் குழந்தைகளின் வேலை. சின்ன விரலுக்கு அது வேகமாக வரும் என்பார்கள். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. இது வீட்டில் நடந்த கதை. இதைவிடக் கொடுமையானதும் இருந்தது. வீட்டில் கல்யாணம், நோய் என்று வந்தால் பீடி முதலாளியிடம் சில நூறு ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டு, அந்தக் கடன் தீரும்வரை பிள்ளையை அங்கே வேலைக்கு உட்கார வைப்பார்கள். கூலியில் கடன் கழியாது, வட்டிக்குத்தான் சரியாகும். 1986 டிசம்பரில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பதினாலு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பீடி, தீப்பெட்டி வேலைகளில் வைக்கக் கூடாது என்றது, ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு கொடுத்தது. ஆகவே முறம் மடியிலேயே இருந்தது.

உங்கள் நாயகிக்கு உமா என்று பெயர் வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பெண் செல்வி. உமாவுக்கு என்ன வேண்டும்? செல்வியோடு சேர்ந்து பக்கத்துக் கிராமத்துப் பாரதத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கூத்து பார்க்க வேண்டும். செல்வியால் வர முடியாது, அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடிக் கணக்கு முடியவில்லை. உமா என்ன செய்வாள்? தானும் உட்கார்ந்து நுனி மடக்குவாள். இரண்டு பேர் செய்தால் சீக்கிரம் முடியும் அல்லவா? முடிகிறது. இரண்டு பேரும் கூத்துக்குப் போகிறார்கள். மறுநாள் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவர் உமா மடக்கியதையெல்லாம் கழித்துப் போடுகிறார். கழித்ததற்குக் கூலி கிடையாது. இலையும் தூளும் போனது போனதுதான். அந்த வீட்டில் அன்று சாயங்காலம் என்ன நடக்கும்? செல்வி உமாவிடம் என்ன சொல்வாள்? நல்லது செய்யப் போய் நட்பு உடைகிறது. கடத்தல்காரன் யாரும் தேவைப்படவில்லை பாருங்கள். படிக்கிற குழந்தைக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஏனென்றால் அவனும் இப்படி ஒரு வேலையைக் கெடுத்திருப்பான்.

இதை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. உமா செல்வியைக் காப்பாற்றக் கூடாது. பட்டணத்து மாமா வந்து கடனைக் கட்டி, செல்வியைப் பள்ளியில் சேர்த்து, எல்லோரும் கை தட்டுகிற முடிவு நிறைய வந்துவிட்டது. செல்விக்குச் சொந்தமாக ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கட்டும். கிணற்றில் நீந்துவதில் அவள் கில்லாடி. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு உமா படியிலேயே நடுங்கும்போது, மேலிருந்து குதிக்கிறவள் செல்வி. ஊரில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த வீட்டில் திண்ணையோடு சரி என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். உமாவுக்குத் தெரியாது. ஒரு நாள் உமா செல்வியை நேராக ஆயா வீட்டுச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும்? அதையும் எழுதுங்கள். ஆயாவை வில்லி ஆக்காமல், உமாவுக்குப் பிடித்த அதே ஆயாவாகவே வைத்து எழுதுங்கள். குழந்தைகள் நாவலில் சாதியை விட்டுவிடுவது நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சின்ன ஊரில் வளர்ந்த எந்தக் குழந்தையும் அதை விட்டுவிட்டு வளரவில்லை.

கூத்தைப் பற்றி. வடாற்காடு தெருக்கூத்தின் தாய்வீடு, அதைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டாம். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று நாள் கணக்கில் ஓடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். மரத்தில் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும் தோளில் புஜக்கீர்த்தியும் கட்டிக்கொண்டு துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். குழந்தைகள் பாதியில் தூங்கி, முகவீணை என்ற ஊதுகுழல் சத்தத்தில் விழித்து, மறுபடி தூங்குவார்கள். அர்ச்சுனன் தபசில் வேஷக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம்: தரையில் மண்ணால் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான துரியோதனன், அவன் தொடையில் பீமன் அடிக்கும் அடி, திரௌபதி கூந்தலை முடிவது, சாயங்காலம் தீமிதி. உமாவும் செல்வியும் பார்க்கும் இரவுக்கு இதில் ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் எழுதினால் தபசை எடுப்பேன். வேஷம் கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த அந்தப் பெண்கள், அர்ச்சுனன் பீடி பிடிப்பதைப் பார்க்கட்டும். செல்வி அதன் நுனியைப் பார்த்தே யார் மடக்கியது என்று சொல்லட்டும்.

பேச்சு வழக்கு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். “இன்னாடி, எங்க போய்க்கினு கீற?”, “நைனா வந்துட்டாரா?”, “அவள இட்டுனு வா” என்று பேசும் ஊர் அது. கூடவே தெலுங்கு பேசும் வீடுகள், உருது பேசும் வீடுகள். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் தெருவில் விளையாடும் பிள்ளை மூன்று மொழியிலும் சண்டை போடும். கதை சொல்லும் நடையை எளிய எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, உரையாடலில் மட்டும் இந்த வழக்கைக் கொண்டுவாருங்கள். அதிலும் எல்லா ஒலியையும் எழுத்தில் பிடிக்க முயல வேண்டாம். பத்து வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி ஆகிவிட்டால் உரையாடலைத் தாண்டிக் குதித்துவிடும். ஆளுக்கு இரண்டு மூன்று சொற்கள் போதும். உமாவின் சென்னைப் பேச்சை ஊர்ப் பிள்ளைகள் கிண்டல் செய்வதும், விடுமுறை முடியும்போது அவளே “கீது” என்று சொல்ல ஆரம்பிப்பதும் தானாக வரும்.

இனி சரிபார்க்க வேண்டிய விஷயங்கள். பருவத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மே மாதத்தில் நுங்கு உண்டு, மாம்பழம் உண்டு, பலா உண்டு. பனங்கிழங்கு கிடையாது, அது மார்கழி, தைக்கு. நாவல்பழம் பழுப்பதற்குள் பள்ளி திறந்துவிடும். சீத்தாப்பழம் மழைக்காலத்துச் சரக்கு. கொடுக்காப்புளியை விடுமுறையின் முதல் வாரங்களில் வைத்துக்கொள்ளலாம். அம்மன் கோவில் ஆடிக் கூழையும் மேயில் ஊற்றிவிடாதீர்கள். சிரசு அன்று ஊற்றும் கூழ் வேறு.

கடிதம் வந்தால் முகவரியில் “வடாற்காடு மாவட்டம்” என்றுதான் இருக்க வேண்டும். 1989-ல்தான் அது பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. வேலூர் மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பிறகு. 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரிந்தபோது குடியாத்தம் வேலூரோடு நின்றது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பேருந்தின் பக்கவாட்டில் அப்போது எழுதியிருந்தது பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம். குடியாத்தம் வழியாக ஓடும் கவுண்டன்யா ஆற்றுக்கு மேலே மோர்தானா அணை அப்போது இல்லை. கோடையில் ஆறு என்றால் மணல், ஊற்று தோண்டினால் தண்ணீர். இதை இன்றைய குழந்தைக்கு நீங்கள் நின்று விளக்க வேண்டியதில்லை. உமா கையால் தோண்டட்டும், மணல் ஈரமாகட்டும், பிறகு கலங்கல், பிறகு தெளிவு. 2021 நவம்பரில் பாலாறும் கவுண்டன்யாவும் கரை புரண்டதைப் பார்த்த குழந்தைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறு என்றால் வெள்ளம். ஆற்றின் நடுவில் வீடு கட்டி விளையாடியது அவர்களுக்கு மாயாஜாலக் கதையைவிட ஆச்சரியமாக இருக்கும்.

வரலாற்றுத் தகவல்களை நுழைக்க ஆசை வரும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள், 1954-ல் காமராஜர் நின்று ஜெயித்த தொகுதி குடியாத்தம். எல்லாம் பெருமையான விஷயங்கள். ஆனால் ரயிலில் எதிரே உட்கார்ந்த தாத்தா ஒருவர் திடீரென்று பாடம் எடுக்க ஆரம்பித்தால் குழந்தை தப்பித்து ஓடிவிடும். குழந்தையின் கண்ணுக்கு எட்டும் தகவலை மட்டும் எடுங்கள். உதாரணமாக வேலூர்க் கோட்டைக்கு ஒரு நாள் கூட்டிப்போகிறார்கள் என்றால், ஜலகண்டேஸ்வரர் கோவிலில் நீண்ட காலம் மூலவர் இல்லாமலே இருந்து, 1981-ல்தான் லிங்கம் மறுபடி உள்ளே வந்தது என்பதை ஆயா சொல்லட்டும். “நான் சின்னப் பொண்ணா இருக்கச்ச உள்ள சாமியே இல்ல” என்று அவர் சாதாரணமாகச் சொன்னால், உமாவுக்கு அது எவ்வளவு பெரிய புதிர்! சாமி இல்லாத கோவிலில் யார் இருந்தார்கள்? வௌவாலா? இதில் அவளே நாலு பக்கம் ஓடுவாள்.

முடிவுக்கு வருவோம். “முப்பது வருடம் கழித்து உமா தன் மகளோடு குடியாத்தம் வந்தாள்” என்று ஒரு கடைசி அத்தியாயம் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அது உங்கள் துக்கம், படிக்கிற பிள்ளையினுடையது அல்ல. கதை ஜூன் முதல் வாரத்தில், உமா கிளம்பும் நாளோடு நிற்கட்டும். செல்வியும் அவளும் சமாதானம் ஆகிவிட்டார்களா என்பதில் அவசரப்பட வேண்டாம். முழுச் சமாதானம் ஆகாமல், ஆனால் பேச்சு மறுபடி தொடங்கியிருந்தால் போதும். செல்வி அடுத்த வருடம் பள்ளியில் இருப்பாளா என்பதற்கு உமாவிடம் பதில் இல்லை, அவள் அதை யாரிடமாவது கேட்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு ஏப்ரலில் தெரியாது, ஜூனில் தெரிகிறது. அவ்வளவு வளர்ச்சி ஒரு விடுமுறைக்கு நியாயமானது.

இப்போது செய்ய வேண்டியது. எழுதிய இரண்டு அத்தியாயத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து ஆயா வீட்டுத் தெருவை ஒரு தாளில் வரைந்து வாங்குங்கள். எந்த வீட்டுத் திண்ணை எவ்வளவு உயரம், கிணறு எந்தப் பக்கம், மத்தியானம் நிழல் எங்கே விழும், யார் வீட்டில் பீடி, யார் வீட்டில் தறி. பிறகு பீடி கழித்துப் போட்ட நாளை முதலில் எழுதுங்கள். அது கைக்கு வந்துவிட்டால் அதற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த அத்தியாயத்தை ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், முடிந்தால் குடியாத்தத்திலேயே, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் செல்விக்காகச் சண்டைக்கு வருகிறார்கள், எந்த இடத்தில் உமாவுக்காக வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பக்கம் மட்டுமே எல்லோரும் நின்றால், இன்னொருத்தியை நீங்கள் இன்னும் சரியாக எழுதவில்லை, திரும்ப அவளிடம் போங்கள்.